மஞ்சள் காரும் முப்பது கிலோமீட்டர் அப்பாவும்

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், அப்பா உடலளவில் நலம், உங்கள் கார் எங்கள் எல்லோரையும்விட நலம். அங்கே கடலில் உங்கள் நலத்தையும், உங்கள் கப்பலின் நலத்தையும், அதில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் இயந்திரங்களின் நலத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறோம்.

கடிதத்தில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்ல வேண்டும் என்று எங்கள் மொழி ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து உங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நீங்கள் கரைக்கு வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று தெரியும். அதுவரை தாங்காது. யாராவது நண்பரை அனுப்பி, வேறு யாராவது நண்பர் வீட்டில் விட்டுவிடுங்கள். இதை நான் மட்டும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்கிறாள். "தம்பிக்கு நீயே எழுது, நான் எழுதினா திட்டிடுவேன்" என்றாள். அதனால்தான் எழுதுவது நானாகிவிட்டது.

இனி காரணம். எங்கள் அப்பாவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உங்களுக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு பிரேக் வைத்த ஒரு வெள்ளைக் கார், அவ்வளவுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பயிற்சிப் பள்ளி வந்ததிலிருந்து நம்முடையதில் ஆள் குறைந்துவிட்டது. நீங்கள் கப்பலேறிய வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பை எடு என்று சொல்வதைப் போன்ற குரலில், இந்த மாதத்துக்குள் புதிதாகச் சிலராவது சேராவிட்டால் பள்ளியை மூடிவிட்டுப் பெரிய பள்ளியிலேயே வேலைக்குப் போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அதன் முதலாளி ஏற்கெனவே கூப்பிட்டாராம், அப்பாதான் யோசித்துச் சொல்வதாகத் தள்ளிவைத்திருக்கிறாராம். அன்று அம்மா பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நாங்கள் இப்படி இருக்கிற நேரத்தில்தான், மாமா, எங்கள் வாசலில் உங்கள் எலுமிச்சை மஞ்சள் கார் நின்றுகொண்டிருக்கிறது.

"சும்மா நின்னா பேட்டரி செத்துடும் அத்தான், தினமும் ஒரு ஓட்டம் விட்டுடுங்க" என்று நீங்கள் சொன்னதை அப்பா டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து மாதிரி எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது அந்தக் காரில்தான். அதை உசுப்பினால் அக்கம்பக்கத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்குகிறது. பக்கத்து வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார் அல்லவா, வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவர்? முதல் நாள் நாங்கள் கிளம்பியபோது அவர் ஒருவர் வாய்க்குள் கருவியோடு இருந்திருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டர்தான் துள்ளிவிட்டார். அன்றிலிருந்து அப்பா தினமும் வண்டியை எடுக்குமுன் அவர் வீட்டு மணியை அடித்து, "டாக்டர், கிளப்பப் போறேன், கையை வெளியே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார். டாக்டரும் கோபப்படவில்லை. இத்தனை வருடம் அப்பா வணக்கம் சொன்னால் மோவாயை மட்டும் அசைத்தவர், இப்போது நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து அப்பாவை 'சார்' என்று கூப்பிடுகிறார். மனிதர் அதே மனிதர், வணக்கமும் அதே வணக்கம். கார்தான் வேறு. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

காரோடு நீங்கள் வைத்துவிட்டுப் போன தடித்த கையேட்டை நான் முழுவதும் படித்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் படிக்காததால், எந்தப் பொத்தான் எதற்கு என்று அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து வாசித்துக் காட்டுவது என் வேலை. அப்பாவோ வாழ்நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவரை ஓட்டவைத்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தானே ஓட்டுவது அவருக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. திரும்புவதற்கு முன் கண்ணாடி பார்க்கிறார், தோளுக்கு மேல் பார்க்கிறார், விளக்குப் போடுகிறார், அது போதாதென்று கையையும் நீட்டுகிறார். வேகத்தடை வந்தால் நிறுத்திவிடுகிறார். நான் இறங்கிப் போய்க் குனிந்து, காரின் வயிறு தரையில் இடிக்குமா என்று பார்த்து, வரலாம் என்று கை காட்ட வேண்டும். எங்கள் பள்ளிக்கூட வழியில் வேகத்தடைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் என்னோடு சேர்ந்து குனிந்து பார்க்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கிறது.

ஜனங்கள் பார்ப்பதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். முதலில் காரைப் பார்க்கிறார்கள், முகம் மலர்கிறது. பிறகு ஓட்டுவது யார் என்று குனிந்து பார்க்கிறார்கள். உள்ளே மூக்குக் கண்ணாடியும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக எங்கள் அப்பா. உடனே, யாரோ அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்த மாதிரி முகம் மாறிவிடுகிறது. சிக்னலில் ஒரு பையன் பைக்கோடு வந்து நின்று, பந்தயத்துக்கு வர்றீங்களா என்பதுபோல் உறுமவிட்டான். அப்பா கண்ணாடியை இறக்கி, "தம்பி, உன் வலது பக்கக் கண்ணாடி மடங்கியிருக்கு, திருப்பி வச்சுக்கோ" என்றார். அவன் திருப்பி வைத்துக்கொண்டான். பச்சை விழுந்த பிறகும் போகாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். தப்பு ஒன்றுமில்லை, பார்க்கத்தான் நிறுத்தினாராம். யார் வண்டி என்றார். மச்சினன் வண்டி என்று அப்பா உண்மையைச் சொன்னதும், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். பிறகு ஆளில்லாத அந்த நேர்ச் சாலையில் ஒரே ஒரு தடவை விரட்டிக் காட்டும்படி கேட்டார்.

"இந்த ரோட்டுல நாற்பதுதான் சார்" என்றார் அப்பா.

"நான்தானே சொல்றேன், யார் கேக்கப் போறா?"

"நீங்கதான் சார் கேக்கணும்" என்று அப்பா சொன்னார். காவலர் மிகவும் மனமுடைந்துபோய் எங்களை அனுப்பிவைத்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்போம், மாமா. ஆனால் தெரு முழுக்க அப்பாவைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது. இதே முப்பதில் வெள்ளைக் காரை ஓட்டியபோது அவரை நிதானமான மனிதர் என்றார்கள். மஞ்சள் காரை அதே முப்பதில் ஓட்டினால், எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் உருட்டிக்கொண்டு போகிறார், சரியான பந்தா என்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் வீட்டிலிருந்து சேர்த்துவைத்துக்கொண்டு வந்த மாதிரி ஆரன் அடிக்கிறார்கள். காய்கறிக்காரர் அம்மாவிடம், நீங்கள் போய்ப் பேரம் பேசலாமா என்று கேட்டுவிட்டார். என் வகுப்பாசிரியை ஆண்டு விழா மேடைக்குப் புதுத் திரைச்சீலை யார் தருவார்கள் என்று பொதுவாகக் கேட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

இதைவிட மோசம், அப்பாவிடம் மிச்சமிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், சாருக்கு இனி இந்தத் தொழில் பொழுதுபோக்குத்தானே, நாம் எதற்குத் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பெரிய பள்ளியில் சேர்ந்துகொண்டார். முனைக் கடையில் தையல் வேலை செய்கிற அக்கா, கிளட்சை விட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர், அவ்வளவு பெரிய கார் வைத்திருப்பவர் முன்னால் வண்டியை அணையவிட வெட்கமாக இருக்கிறது என்று வருவதை விட்டுவிட்டார். புதிதாக வந்ததும் இரண்டே இரண்டு இளைஞர்கள். அவர்களுக்கு மஞ்சள் காரில்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். மாட்டேன் என்றதும் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படியாக அப்பா பெரிய பள்ளி முதலாளிக்கு நேற்றுச் சம்மதம் சொல்லக் கிளம்பினார். அன்றைய ஓட்டமும் ஆகட்டும் என்று மஞ்சள் காரையே எடுத்தார். அன்று எனக்கு விடுமுறை, துணைக்குப் போனேன். நேற்று சாலையில் ஓர் அதிசயம் நடந்தது. ஒருவர்கூட ஆரன் அடிக்கவில்லை. பேருந்து ஒதுங்கி வழிவிட்டது. அந்த உறுமல் பையன்கூடத் தூரமாக நின்றுகொண்டான். தூறல் போட்டது, அப்பாவுக்குத் துடைப்பான் பொத்தான் கிடைக்கவில்லை, நான் கையேட்டைப் பார்த்துச் சொன்னேன். அப்போது சிக்னலில் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "பாப்பா, அப்பா நல்லாத்தான் ஓட்டறார். பயப்படாம ஓட்டச் சொல்லு" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய பள்ளி வாசலில் போய் நின்றோம். முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓகோ, இந்த வண்டியிலயே சொல்லித்தர ஆரம்பிச்சாச்சா? அதைக் காட்டத்தான் என் வாசல் வரைக்கும் வந்தீங்களா? நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். காரின் பின்னால் இறக்கை மாதிரி ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, துணி காயப்போடவா என்று அம்மா கேட்டாளே, அதில் சிவப்பு எழுத்தில் எங்கள் பள்ளியின் எல் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாரும் மாட்டவில்லை. அப்பாவேதான். தினமும் காலையில் வெள்ளைக் காரை எடுக்கும்போது கை தானாகப் போர்டை எடுத்துப் பின்னால் மாட்டிவிடும். நேற்று மனம் சரியில்லாததால் கை அதன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. வழியில் பார்த்தவர்களெல்லாம் அப்பாவை ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் என்றும், கையேடும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னைச் சொல்லித்தருகிறவள் என்றும் நினைத்திருக்கிறார்கள். இப்போது மாணவர்களும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அப்பா நேற்றிலிருந்து வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அழுக்கே இல்லாத காரை. எனவே மாமா, உங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை, காரைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

கடல் அலையாமல் இருக்கவும், கப்பல் சாயாமல் போகவும், நீங்கள் வேளைக்குச் சாப்பிடவும் எப்போதும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள அக்கா மகள்.

பின்குறிப்பு (மறுநாள் எழுதியது): மேலே உள்ளதைப் படித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காரை எடுக்க யாரையும் அனுப்ப வேண்டாம். இவ்வளவு நீளமாக அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். எல்லோரும் சாலையைக் கடக்கவே யோசிக்கிற மாதிரி ஆட்கள். அவர்களுக்கு முன்னால் தையல் அக்கா. தூரத்திலிருந்து போர்டை மட்டும் பார்த்தவர்களாம், அவ்வளவு விலை வண்டியைக் கற்றுக்கொள்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் பதறாமல் இருக்கிற ஆசிரியரிடம் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா உடனே, ஓட்டினது நான்தான், கற்றுக்கொள்ளவில்லை, போர்டை மறதியாக மாட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தையல் அக்கா, "அதனால என்ன சார்? இத்தனை நாளா நீங்க பந்தா பண்றீங்கன்னு நினைச்சோம். பந்தா பண்றவர் எல் போர்டை மாட்டிக்கிட்டுப் போவாரா? இப்பத்தான் புரிஞ்சுது, நீங்க ஓட்டறதே அப்படித்தான்னு. பின்னாடி அத்தனை பேர் ஆரன் அடிச்சும் ஒரு நாள்கூட நீங்க முகம் சுளிச்சதில்லை. எங்களுக்கு அந்த மாதிரி ஒரு ஆள் பக்கத்துல உக்காந்தா போதும்" என்றார். மஞ்சள் காரில் சொல்லித்தர முடியாது, வெள்ளைக் கார்தான் என்று அப்பா சொன்னதும் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. மதியம் பெரிய பள்ளி முதலாளியும் போனில் கூப்பிட்டார். வேலை விஷயமாக இருக்கும் என்று அப்பா எழுந்து நின்று பேசினார். அவருடைய மனைவிக்கு நம்மிடம் ஓர் இடம் வேண்டுமாம். அவர் போடுகிற கத்தலில் அந்த அம்மாவுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறதாம். அப்பா தாராளமாக வரச் சொல்லிவிட்டார், முதலாளி கூட வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.