செகண்டு சாரும் நாலாவது ஸ்டேஷனும்

உலகத்தில் எல்லோரும் கடிகாரத்தில் மணி பார்ப்பார்கள். செகண்டு சார் வாழ்நாளில் ஒருமுறைகூட மணி பார்த்திருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்யத் தயார். "லஞ்சுக்கு இன்னும் எவ்ளோ நேரம் சார் இருக்கு?" என்று கேட்டால், "எழுநூத்தி இருபது செகண்டும்மா" என்பார். அதைப் பன்னிரண்டு நிமிஷமாக மாற்றிப் புரிந்துகொள்வதற்குள் எனக்குப் பசியே அடங்கிவிடும்.

ஃப்ரீமான்ட்டில் ஃப்ரீவேயை ஒட்டி, நம் ஊர்ச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்து, உறைய வைத்து, கடைகளுக்கு அனுப்பும் சின்னத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ஓடுகிற பெல்ட்டில் காலி டப்பா வரும். முதல் ஸ்டேஷனில் சோறு, அடுத்து கூட்டு, மூன்றாவதில் சாம்பார், நாலாவதில் உருளைக்கிழங்கு, ஐந்தாவதில் சப்பாத்தி, கடைசியில் மூடி. நாலாவது நான். ஐந்தாவது நாகர்கோவில் மேரி ஆன்ட்டி. எங்கள் எல்லோருக்கும் மேலே செகண்டு சார். ஓசூரில் பைக் தொழிற்சாலையில் முப்பது வருஷம் லைனைக் கட்டி மேய்த்துவிட்டு, ரிட்டயர் ஆகி மகள் வீட்டுக்கு வந்தவர். கிரீன் கார்டு கைக்கு வந்ததும், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

சும்மா இருக்க முடியாது என்றால் எங்கேயும் முடியாது. பக்கத்து ஊரான டப்ளினில் ஒரு வளைகாப்புக்குப் போனோம். சாப்பாட்டு வரிசை நகரவே இல்லை. சார் கொஞ்ச நேரம் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு நேராகப் போய்ப் பாயச அண்டாவைத் தூக்கி வேறு மேஜையில் வைத்தார். "ஒரு கைல தட்டு, இன்னொரு கைல கரண்டி. பாயசக் கப்ப எந்தக் கையில வாங்குவாங்க?" வரிசை பறந்தது. நூறு பேரும் சீக்கிரம் சாப்பிட்டு முடித்து, குரூப் போட்டோவுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டு ஆன்ட்டி அவருடன் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

இனி என் கதை. கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்து எட்டு வருஷம் வீட்டிலேயே இருந்தவள் நான். வொர்க் பெர்மிட் வந்த வாரமே கிடைத்த வேலை இது. எம்.காம். படித்தவள் உருளைக்கிழங்கு அள்ளுகிறாளே என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்று சொல்வதற்காக எட்டு வருஷம் காத்திருந்தேன். அந்த வேலைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

பெரிய கடை ஒன்றிலிருந்து ஆர்டர். பதினைந்து செகண்டுக்கு ஒரு டப்பா வெளியே வந்தாக வேண்டும். எங்களுக்கோ இருபத்திரண்டு செகண்டு ஆனது. சார் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக என் முன்னால் வந்து நின்றார். ஒரு கண் அந்த வாட்ச்சிலேயே இருக்க, அவசர அவசரமாக அள்ளினேன். உருளைக்கிழங்கு பாதி டப்பாவில், பாதி பெல்ட்டில். இருபத்தொன்பது செகண்டு.

ஓனர் ரவி எல்லோர் முன்னாலும் சாரிடம் சொன்னார். "நாலாவது ஸ்டேஷன்தான் அங்கிள் ஸ்லோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா வேற ஆள் போட்டுக்கலாம்."

சார் ஸ்டாப்வாட்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் அவருக்கு ஓயாமல் போன். என் ஸ்டேஷனுக்கு எதிரில் நின்று, "ம்... அப்படியாம்மா... சரிம்மா" என்று காதில் வைத்துப் பேசுவார். நடுவில் போனை எடுத்து உற்றுப் பார்ப்பார். "அடக் கடவுளே" என்று பெருமூச்சு விடுவார். மறுபடி காதில் வைப்பார். ஒரு நாளைக்கு இருபது முறையாவது நடக்கும்.

"சாருக்க மகளுக்கு வீட்டுல என்னமோ பெரிய பிரச்சினை மக்ளே" என்றார் மேரி ஆன்ட்டி. புதன்கிழமை அவருடைய செபக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்காக விசேஷ செபமே நடந்துவிட்டது. என் கஷ்டத்துக்கு நடுவில் நானும் அவளுக்காக ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் சாரைக் கூட்டிப்போக மகளே வந்தாள். மேரி ஆன்ட்டி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சரியாவும் மக்ளே. மனச விட்டுராத."

"எனக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி?"

"நீ பகல் பூரா அப்பாட்ட போன்ல அழுவுதியே?"

"நான் பகல் ஃபுல்லா மீட்டிங்ல இருப்பேன் ஆன்ட்டி. அப்பாகிட்ட பேச எங்க டைம்?"

எல்லோரும் சாரைப் பார்த்தோம். போனை அவர் முதுகுக்குப் பின்னால் மறைப்பதற்குள் திரை எங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அதில் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அந்த "அடக் கடவுளே" எல்லாம் எனக்காகத்தான்.

"வாட்ச்ச நீட்டினா யாரும் இயல்பா வேலை செய்யமாட்டாங்கம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாள் வேவு பார்த்துக் கணக்கை முடித்துவிட்டார், நாளையோடு என் வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரவி வந்தார். சார் அவரிடம் ஒரு கையுறையை நீட்டினார். "நாலாவதுல நீங்க நில்லுங்க ரவி. பத்து டப்பா போதும்."

ரவி சிரித்துக்கொண்டே நின்றார். இரண்டாவது டப்பாவில் சிரிப்பு நின்றது. மூன்றாவது ஸ்டேஷனிலிருந்து வரும் டப்பாவின் ஓரமெல்லாம் சாம்பார். அதைத் துடைக்காவிட்டால் மூடி ஒட்டாது. துடைத்து, உருளைக்கிழங்கை எடை போட்டு, ஊறுகாய்ப் பாக்கெட்டைச் செருக வேண்டும். ஐந்தாவது டப்பாவில் அவர் சட்டையில் சாம்பார். ஏழாவதில் ஊறுகாயை மறந்தார். பத்தாவது முடிந்தபோது பெல்ட்டில் பொங்கல் வைத்த மாதிரி இருந்தது.

"நாப்பத்தி ஒரு செகண்டு" என்றார் சார். "இவங்க இருபத்திரண்டுல முடிக்கறாங்க. அதுல உருளைக்கிழங்குக்கு ஒன்பது. ஊறுகாய்க்கு நாலு."

"மீதி ஒன்பது?"

"அது உங்க கரண்டி."

சாம்பார்க் கரண்டி ரவியே ஆசையாக வாங்கி வந்தது. கல்யாணப் பந்திக்கு ஏற்ற அளவு. டப்பாவில் ஊற்றினால் சிந்தாமல் என்ன செய்யும்? ரவி தன் சட்டையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஸாரிங்க" என்றார்.

சமையல் பக்கத்திலிருந்து சின்னக் கரண்டி வந்தது. ஊறுகாய் ஐந்தாவது ஸ்டேஷனுக்குப் போனது. "எனக்க தலையிலயா?" என்றார் மேரி ஆன்ட்டி. சப்பாத்தி மடிக்க எட்டு செகண்டு, கதை பேச பதினாலு செகண்டு என்று சுகமாக இருந்தவர் அவர். அன்றிலிருந்து அவருடைய எந்தக் கதையும் முடிந்ததில்லை. பெல்ட் மறுபடி ஓடியது. பதினாலு செகண்டுக்கு ஒரு டப்பா. பிரேக்கில் கார் பார்க்கிங்குக்குப் போய் கணவருக்குப் போன் செய்தேன். "திங்கட்கிழமையும் எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மகளுக்கு வேலை மாற்றலாகி, சார் இப்போது டெக்சாஸில் சுகர் லேண்டில் இருக்கிறார். அங்கே யார் வீட்டு அண்டாவை நகர்த்துகிறாரோ தெரியாது.

வேலை தப்பிய அடுத்த திங்கட்கிழமை அவருக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். "எனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். லஞ்ச் நேரம் முடியப் போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வாட்ச் பக்கம் திரும்பவே இல்லை. நானும் சொல்லவில்லை.