என் இறுதிச் சடங்கு, மூன்றாவது டேக்

கெய்ட்டாடல் பள்ளத்தாக்கு,
ஐஸ்லாந்து.
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

‘வடக்குக் குரல்’ வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் சோல்வெய்க் அவர்களுக்கு,

ஹெர்முண்டுர் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போன வியாழக்கிழமை இதழில் ஏழாம் பக்கம் முழுவதும், எட்டாம் பக்கத்தில் பாதியும், என் நினைவைப் போற்றி ஒன்பது பேர் எழுதிய அஞ்சலிகளை வெளியிட்டிருந்தீர்கள். எல்லாமே மிக நன்றாக இருந்தன. ஒரே ஒரு குறை, நான் இறக்கவில்லை.

தங்கள்மேல் தவறு சொல்ல மாட்டேன். தவறெல்லாம் என் மனைவி அல்டீஸ் வாங்கிய கைபேசியுடையது. முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திவிட்டு அவள் இந்தக் குளிர்காலத்தில் ஓய்வு பெற்றாள். வேறு யாராவது என்றால் ஸ்வெட்டர் பின்னுவார்கள், இவள் சினிமா இயக்குநர் ஆகிவிட்டாள். முன்பெல்லாம் படம் எடுக்க லாரி நிறைய விளக்கு வேண்டும், படச்சுருள் வேண்டும், தலைநகரில் யாராவது பெரிய மனிதர் தலையசைக்க வேண்டும். இப்போது ஒரு கைபேசியும், அதைச் சாய்த்து வைக்க ஒரு பால் வாளியும் போதுமாம். கதை ஒரு விதவையைப் பற்றியது. விதவை அவள், பிணம் நான். “எனக்கு ஒரு வசனம்கூட இல்லையா?” என்று கேட்டேன். “நீ வாயத் தொறந்தா நடிக்கிற மாதிரி தெரியுது ஹெர்மி. படுத்துட்டா அவ்வளவு இயல்பா இருக்கு” என்றாள்.

படச்சுருள் காலத்துப் பிணங்கள் கொடுத்துவைத்தவர்கள். சுருள் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஒரு தடவை சாகவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவளுக்குத் தீர எதுவும் இல்லை, பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். அதனால் வைக்கோல் கொட்டகையில் நான் நாற்பத்தாறு தடவை செத்தேன். பன்னிரண்டாம் தடவை தும்மினேன், இருபதாம் தடவை நாய் வந்து முகத்தை நக்கியது, முப்பத்து மூன்றாம் தடவை உண்மையிலேயே தூங்கிக் குறட்டை விட்டேன். “மூச்சு வந்தா வரட்டும், கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்” என்றாள். அழிக்கவும் செய்தாள். மூச்சோடு என் மீசையும் போய்விட்டது.

அடுத்து இறுதிச் சடங்குக் காட்சிக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. பக்கத்துப் பண்ணை ஓட்கெய்ரை ஒரே ஒரு தடவை படம் பிடித்து, கம்ப்யூட்டரில் அறுபது ஓட்கெய்ராகப் பெருக்கி, தேவாலயம் முழுக்க உட்காரவைத்துக் காட்டினாள். எனக்கு ஒரு ஓட்கெய்ரே அதிகம். நான் பத்தொன்பது வருடமாக மலைராஜா. செப்டம்பரில் ஊரே மலையேறி ஆடுகளை இறக்கும்போது என் விசிலுக்குத்தான் எல்லாரும் நகர வேண்டும், அது அவருக்குப் பொறுக்காது. அல்டீஸுக்கும் அறுபது ஓட்கெய்ர் பிடிக்கவில்லை. நிஜ ஆட்களே வேண்டுமென்று திங்கட்கிழமை ஊரின் இணையப் பக்கத்தில் அறிவிப்புப் போட்டாள். முதல் வரியில் ஹெர்முண்டுரின் இறுதிச் சடங்கு, இரண்டாவதில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி, மூன்றாவதில் பிறகு காபி உண்டு. இது சினிமாவுக்காக என்பதை நான்காம் வரியில் தெளிவாக எழுதியிருந்தாள். கைபேசியில் மூன்று வரிதான் தெரியும், மிச்சத்தைப் படிக்க விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவரும் தட்டவில்லை.

செவ்வாய் முதல் கேக்குகள் வர ஆரம்பித்தன. பிணத்துக்கு முகம் கறுக்கக்கூடாது என்று அவள் என்னை வெளியே விடவில்லை, ஆகவே ஏழு கேக்கையும் உள்ளே உட்கார்ந்து நானே தின்றேன். கொண்டுவந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பேசாமல் போனார்கள். சினிமாவுக்கு ஊரில் இவ்வளவு ஆதரவா என்று பூரித்துப்போனாள். தங்கள் இதழ் வந்ததும், “பாரு, விளம்பரத்துக்கு எல்லாரும் எவ்வளவு ஈடுபாட்டோட எழுதியிருக்காங்க” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓட்கெய்ர் தன் அஞ்சலியின் கடைசியில், ‘அன்னாரின் விசிலை ஏற்க நான் தயார்’ என்று எழுதியிருந்தது மட்டும் விளம்பரம் மாதிரித் தெரியவில்லை.

சனிக்கிழமை தேவாலயத்துக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். நான் சவப்பெட்டிக்குள். ஓட்கெய்ர் எழுந்து நின்றார். “இவன்கூடப் பத்தொன்பது வருஷம் சண்ட போட்டேன். மலை என்னைவிட இவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அத ஒருநாளும் இவன்கிட்ட சொல்லல” என்று தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்து கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அந்த நிமிடம் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பாசத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்போது மாடத்திலிருந்து ஒலிபெருக்கியில் அல்டீஸ், “கட். பிரமாதம் ஓட்கெய்ர். இன்னொரு தடவ, கொஞ்சம் இடதுபக்கமா நின்னு அழுங்க” என்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். “யோவ், உயிரோடவா இருக்க? சொன்னதெல்லாம் வாபஸ்” என்றார் ஓட்கெய்ர். அரைமணி நேரம் ஊரே நின்று என்னைத் திட்டியது. ஆனால் வந்தது வந்தாயிற்று, காபியும் கொதித்துவிட்டது. அதனால் அல்டீஸ், “எல்லாரும் வெளிய போயிட்டு சோகமா உள்ள வாங்க” என்றதும், அத்தனை பேரும் வெளியே போய்ச் சோகமாக உள்ளே வந்தார்கள். அப்படி மூன்று தடவை. ஓட்கெய்ரும் இடதுபக்கம் நின்று அழுதார், முதல் தடவை மாதிரி வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஆட்டுக் கமிட்டி கூடி இந்த வருட மலைராஜாவைத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். செயலாளரிடம் நேரில் போய் நின்றேன். “நீ நிக்கிறது தெரியுது ஹெர்மி. ஆனா பேப்பர்ல வந்துடுச்சே. அங்க மாத்திக்கிட்டு வா” என்கிறார். எனக்கென்று ஊரில் இருக்கும் ஒரே பெருமை அந்த விசில்தான், அது போனால் நான் செத்தவன்தான். ஆகவே வியாழன் இதழின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஹெர்முண்டுர் உயிரோடும் முழங்கால் வலி இல்லாமலும் இருக்கிறார் என்று அச்சிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மீசையுடன் ஒரு புகைப்படம் இணைத்துள்ளேன்.

தங்கள் வீட்டில் குளிர்காலம் இதமாகக் கழியட்டும், தங்கள் ஆடுகள் எல்லாம் இரட்டைக் குட்டி போடட்டும்.

இப்படிக்கு, உயிருடன்,
ஹெர்முண்டுர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது செயலாளர் வந்தார். வெள்ளி வரை பொறுக்காமல் கமிட்டி கைபேசியிலேயே ஓட்டுப் போட்டுவிட்டதாம். ஓட்கெய்ருக்கு ஒரு ஓட்டு, அது அவர் போட்டது. மற்றதெல்லாம் அல்டீஸுக்கு. “நூத்தி நாப்பது பேர மூணு தடவ வெளிய அனுப்பி உள்ள கூப்பிட்டா. ஆடு என்ன பெரிய விஷயம்?” என்கிறார். ஆடு இறக்கும் ஒரு வாரமும் மலைக்குடிசையில் முப்பது பேருக்குச் சமைக்க அவள் இப்போதே என்னையும் ஓட்கெய்ரையும் நியமித்துவிட்டாள், சமைப்பதையும் படம் எடுக்கிறாளாம், திருப்தியாக வரும்வரை. எனவே மேலே கேட்ட மறுப்பைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். ஓட்கெய்ருக்கு நான் எழுதிய அஞ்சலியை இத்துடன் வைத்திருக்கிறேன், இந்த வியாழனே வரவேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறார்.