எட்டாம் பாகமும் தீய்ந்த பாலும்

இனிமேல் எந்தக் குற்றத்தையும் ஒத்துக்கொள்வதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். குழாய் ஒழுகினால்கூட மனைவியிடம் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மனிதர் அவர். அவருக்கே முதுகெலும்பு முளைத்ததென்றால் காரணம் ஒரு வக்கீல் கதைதான். எட்டுப் பாகம். ஏழு பாகங்களில் ஏழு பேரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்ட வக்கீல். 'நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை, நீ வாயைத் திறக்காதே' என்பதுதான் அவருடைய உபதேசம்.

எட்டாம் பாகத்தில் ஒரு அப்பாவிக் கணவன், மாடி வீட்டுக்காரரைக் கொன்றது தானே என்று ஒத்துக்கொண்டு கூண்டில் நிற்கிறான். வக்கீல் எழுந்து, 'உண்மையான கொலையாளி இதோ!' என்று விரலை நீட்டுகிறார். இந்த இடத்தை ஆற அமரப் படிக்க வேண்டும் என்று நம்மவர் குளித்துவிட்டு வந்தார். கடைசிப் பக்கங்களுக்கிடையே ஒரு கொண்டை ஊசி கிடந்தது. யோசிக்காமல் அதை எடுத்துக் காது குடைந்தார்.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

சமையலறையில் பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகிக் கிடந்தது.

"பாலை அடுப்புல வெச்சிட்டுத்தானே குளிக்கப் போனீங்க?"

வைத்தோமா? அவருக்கே ஞாபகமில்லை. கதையில் இறங்கிவிட்டால் அவருக்கு அடுப்பும் தெரியாது, ஆளும் தெரியாது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் வெச்சதை யார் பார்த்தா?"

"என்னது?"

"சாட்சி இருக்கா? சாட்சி இல்லேன்னா சந்தேகத்தோட பலன் எனக்குத்தான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அந்த மாடி வீட்டுக்காரரைக் கொன்னது யாருன்னு சொல்லட்டுமா?"

"ஐயோ! நீ படிச்சிட்டியா?"

"மூணு எண்ணுவேன். ஒண்ணு..."

"இது மிரட்டல்! கோர்ட்டுல செல்லாது!"

"ரெண்டு..."

"நான்தான்! பாலை வெச்சது நான்தான், தீய விட்டதும் நான்தான்! தயவுசெஞ்சு முடிவை மட்டும் சொல்லிடாதே!"

தண்டனை அங்கேயே நிறைவேறியது. கம்பி நாரை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். கை கடுத்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி. முடிவு தப்பித்துவிட்டது.

பாத்திரம் பளபளத்ததும் மனைவி சமையலறைக் கதவோரம் வந்து சாய்ந்தாள். முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"மனசு கேக்கலீங்க. பாலை வெச்சது நான்தான். நீங்க குளிக்கறப்போ கடைசி அத்தியாயத்தை எடுத்தேன், பாலே மறந்துபோச்சு."

"அடிப்பாவி! பண்ணினது நீ, பழி எனக்கா? எந்தக் கதையிலயாவது இப்படி ஒரு அநியாயம் உண்டா?"

"ஏன், இந்தக் கதையிலேயே கொன்னது பெண்டாட்டிதானே!"