பிண்டம் வைக்க ஒரு கை

"கஞ்சாக்காரன் கையால என் தம்பிக்குப் பிண்டமா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காதுலா!"

சிடாம் கிரி ஊரின் ஆற்றங்கரையில் சீனிவாசகம் போட்ட கூச்சலில், சடங்கு செய்யும் பண்டாரத்தின் மணியோசையே அடங்கிவிட்டது.

பிரேமாவதி மகனைப் பார்த்தாள். கஞ்சாவோடு பிடிபட்டு, மறுவாழ்வு மையத்துக்குப் போய், தெளிந்து திரும்பிய பிள்ளை. அப்பாவின் கருமாதிக்காக மொட்டையடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான் தீபன்.

"மாமா, அவன் இப்ப எதையும் தொடுறதில்ல. ஒரே பிள்ளை..."

"குடும்ப மானத்தையே வாங்கிட்டான்! என் தம்பி எவ்வளவு கௌரவமா செத்தான்!"

தம்பி குழந்தைவேலு குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தவன். லைசென்ஸ் வைத்த கடையில் வாங்கிய சரக்கு என்பதால் அதில் யாருக்கும் மானம் போகவில்லை.

"அப்ப நீங்களே வைங்க மாமா."

சீனிவாசகம் உருகிப்போனார். தெம்புக்காக, படையலில் இருந்த பிராந்தியில் ஒரு கிளாஸ் குடித்தார். தம்பியின் பங்குக்கு இன்னொன்று. பிண்டத்தை எடுக்கக் குனிந்தவர் வாழையிலை மேலேயே படுத்துவிட்டார்.

பிரேமாவதி கொழுந்தன் புவனேசனிடம் ஓடினாள். அண்ணனைத் தூக்கி உட்கார வைக்கப் போனவனுக்கு அண்ணன் ஆறுதலாக ஊற்றிக் கொடுத்தார். பிண்டத்தை ஆற்றில் கரைக்கச் சொன்னால் புவனேசன் தன் கைப்பேசியைக் கரைத்தான்.

ஆத்திரத்தில் பிரேமாவதி பாட்டிலைப் பிடுங்கி ஆற்றில் வீசினாள். அதைவிடப் பெரிய தப்பை அவள் செய்திருக்க முடியாது.

"ஐயோ, அண்ணனோட சரக்கு!" என்று பின்னாலேயே குதித்தான் புவனேசன். நீந்திப் போய் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தது தீபன்தான்.

"யாராச்சும் வைங்கம்மா, உச்சிப் பொழுது தாண்டுது" என்றார் பண்டாரம்.

எதிர்த்துப் பேசும் நிலையில் யாரும் இல்லை. ஈரம் சொட்டச் சொட்டத் தீபன் பிண்டம் வைத்தான். கை நடுங்கவில்லை. புருஷன் செத்த அன்று வராத அழுகை பிரேமாவதிக்கு அப்போதுதான் பீறிட்டு வந்தது.

சீனிவாசகத்தின் மனைவி மோகனா காலையிலிருந்து ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். கன்னத்து வீக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி வந்து, ஓரகத்தியின் காதோரம் குனிந்தாள்.

"குடிச்சிட்டு அடிக்கிறாருன்னு எத்தனை தடவ போன் போட்டாலும் ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க பிரேமா. கொஞ்சம் கஞ்சா எங்க கிடைக்கும்னு சொல்லேன், இவரு பாக்கெட்டுல வெச்சாலாவது போலீஸ் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."