மயில் போட்ட பேனர்

பிழை திருத்துகிறவர் செய்யும் பிழைக்குத்தான் ஆயுசு கெட்டி. அவருக்குப் பிறகு அதைப் பார்க்க ஆள் கிடையாது. ஒரு நாளிதழில் பதினோரு வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். (கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வாழ்த்துவதற்கு முன் சந்திப்பிழை தேடுவேன்.) அந்தத் திமிரோடுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். பிறந்தபோது எழுதிய பாலினத்தை ஏற்காத பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வெளியே தள்ளினால், நேரில் போய் நியாயம் கேட்போம். நான் சேர்ந்த முதல் வாரமே ஸ்டெல்லா போன் செய்தார். சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட்டு கம்பெனியில் அவருக்கு வேலை.

"எம் புள்ளைக்கு முடி விஷயமா ஸ்கூல்ல ஒரே பேஜாரு மேடம். திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா டீசி வாங்கினு போவச் சொல்றாங்கோ. பிளஸ் ஒன் படிக்குது. படிப்பு போச்சுன்னா என்னோட போல்ட்டுதான் பொறுக்கணும்."

புள்ள, படிக்குது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத தமிழ். நீளமாக வளர்த்த முடியை வெட்டச் சொல்கிறார்கள் என்று மீதிச் செய்தியை நானே எழுதிக்கொண்டேன். பெயர் கேட்கவில்லை. சிறார் பெயர் அச்சில் வரக்கூடாது என்பது எங்கள் பத்திரிகை விதி.

பேனருக்கான வாசகத்தை ஸ்டெல்லாவே அனுப்பினார்: 'திருநம்பி மாணவரைப் படிக்க விடு!' பதினோரு வருடத்தில் நான் அச்சில் பார்க்காத சொல். பாவம், எழுத்துப் பிழை என்று மனமிரங்கி 'திருநங்கை' ஆக்கி ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் 'நங்கை'யைப் பார்த்ததும் வழக்கமான டிசைனை எடுத்துவிட்டார். "பொண்ணு மேட்டரு மேடம், கிராண்டா பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் விரித்தோம். இளஞ்சிவப்புப் பின்னணி, இருபுறமும் தோகை விரித்த மயில், கீழே குத்துவிளக்கு. எட்டடி நீள மஞ்சள் நீராட்டு விழா. நடுவில் எங்கள் போர்முழக்கம்.

அப்போதுதான் ஸ்டெல்லா பிள்ளையோடு வந்தார். ஒட்ட வெட்டிய முடி, பேன்ட், சட்டை.

"அக்கா, நான் அருண். ரிஜிஸ்டர்ல பொண்ணு, நெஜத்துல பையன். அதான் திருநம்பி. முடிய வெட்டிக்கினதுதான் இவுங்களுக்குப் பிரச்சன." பேனரை மேலும் கீழும் பார்த்தான். "மயிலு எதுக்கு?"

பூமி பிளந்து விழுங்கும் என்று காத்திருந்தேன். லாரி ஏறி ஏறி இறுகிய சிப்காட் பூமி, பிளக்கவில்லை.

அருணைப் பள்ளியில் வைத்திருக்கக் கூடாதென்று மனு கொடுக்க வந்திருந்த பெற்றோர் கூட்டம் கேட்டருகே நின்றது. அதில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தப் புள்ள இன்னான்னு இவுங்களுக்கே தெர்ல. நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்கோ!"

தலைமையாசிரியை என்னிடம், "மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்றார்.

வாய் வரைக்கும் வந்த பதிலில்கூட எனக்குப் பிழை தெரிந்தது. "பிழை என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னேன்.

அருண் என் பையில் துருத்திக்கொண்டிருந்த மார்க்கரை உருவினான். 'நங்கை'யின் மேல் ஒரே கோடு. மேலே 'நம்பி' என்று எழுதினான். பிறகு சிரித்தவரிடம் திரும்பினான்.

"தப்பா எழுதிட்டா அடிச்சிட்டுத் திருத்திக்கலாம் சார். அக்கா ஒத்துக்கினாங்க. என்னையும் ரிஜிஸ்டர்ல தப்பா எழுதிட்டாங்கோ. அத மட்டும் ஏன் திருத்தக் கூடாது?"

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியை அருணிடம் திரும்பினார். "பெல் அடிச்சாச்சு. நீ கிளாஸுக்குப் போ. மிச்சத்தப் பெரியவங்க பேசிக்கிறோம்."

அந்த மிச்சம் இன்னும் முடியவில்லை. பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற அலைந்துகொண்டேயிருக்கிறோம். ஆனால் டீசி வரவில்லை. அதே வெட்டிய முடியோடு அருண் பிளஸ் டூ எழுதி முடித்தான். ஸ்டெல்லா வீட்டில் குழம்பில் உப்பு கூடினால்கூட "இன்னா, மயிலப் போட்டுட்டியா?" என்கிறார்கள். எனக்குப் பெயரே மயிலக்கா.

புது பேனர் அடிக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். குழுவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. போன மாதம் மீஞ்சூரில் இன்னொரு பிள்ளைக்காக இன்னொரு பள்ளி வாசலில் அதையே விரித்தோம். மயில், விளக்கு, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே.

சைக்கிளை நிறுத்திய ஒரு பெரியவர், "இன்னா நைனா, யாருக்கு சடங்கு?" என்றார்.

பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்த அருண், அரும்பு மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"எனக்குத்தான் தாத்தா. ஓரமா நில்லுங்க, ஊர்வலம் உள்ள போவணும்."