மஞ்சள் துணி விழுந்த ஆட்டம் பற்றி ராய்ஸுக்கு

டாலோ சந்திப்பு, அலபாமா
நவம்பர் 14

மதிப்பிற்குரிய மைத்துனர் ராய்ஸ் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. சில எழுத்துகள் குண்டாகவும் சில நோஞ்சானாகவும் இருக்கும். கோட்டில் நிற்கச் சொன்னால் நிற்காமல் மேலே ஏறிப் போகும். மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருடம் கட்டை தூக்கிய கை இது, பென்சிலைக் கொடுத்தாலும் தூக்கத்தான் பார்க்கிறது. எழுபத்தோரு வயதில் நூலகத்துப் புதன்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. திருமதி கோல்டி டீச்சர், "நல்லா வருது ஆம்ப்ரோஸ், அவசரப்படாதீங்க" என்கிறார். என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். பெருமைப்பட வேண்டாம். திட்டுவதற்காக எழுதுகிறேன்.

இங்கு நானும் உன் அக்கா லூடியும் நலம். உன் நலத்தைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

1984 கல்லூரி அமெரிக்கக் கால்பந்து சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் நடந்தது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இப்போது எழுத வரும். ஆட்டம் முடிய ஆறு வினாடி. எங்கள் பைன் ரிட்ஜ் கல்லூரிக் கோவேறு கழுதைகள் இருபது புள்ளி, உங்கள் டெல்மார் கல்லூரி மரங்கொத்திகள் பதினாறு. உங்கள் ஆள் கடைசி முயற்சியாகப் பந்தைத் தூக்கி எறிகிறான். எங்கள் பெரிய லீலண்ட் எகிறிக் கை நீட்ட, அவன் விரலில் பந்து பட்டுத் திசை மாறுகிறது. அதன் பிறகுதான் எங்கள் பையன் உங்கள் பையனை இடிக்கிறான். பந்தில் ஒருமுறை கை பட்டுவிட்டால் அதற்கப்புறம் இடித்தாலும் அது தப்பில்லை என்பது அலபாமாவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். பந்து கீழே விழுந்தது, மணி அடித்தது, நான் வாசலில் இறங்கித் தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்து ஆடினேன், உள்ளே வந்து பார்த்தால் தொலைக்காட்சியில் புல்லின் மேல் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. விதிமீறல் என்று ஒரு நடுவர் போட்ட துணி. பந்தில் யார் கையும் படவில்லையாம். அந்த ஆளின் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க ஊரில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், பந்தை எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தே கொடுத்தார்கள், நீங்கள் உருண்டு போய் விழுந்து ஆறு புள்ளி எடுத்து இருபத்திரண்டு ஆக்கினீர்கள். அதற்குப் பெயர் வெற்றி என்று தொப்பியில் வேறு தைத்துக்கொண்டீர்கள்.

அது கூடப் பரவாயில்லை. அதற்குப் பின் வந்த முப்பத்திரண்டு நன்றி நாள் விருந்துகளை நான் என்ன செய்வது? ஒவ்வொரு வருடமும் என் வீட்டில், என் மேசையில், லூடி வான்கோழியைக் கொண்டுவந்து வைத்ததும் இதே தகராறு ஆரம்பிக்கும். நீ எழுந்து நிற்பாய். கண்ணாடியை மாட்டுவாய். பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பத்திரிகைத் துண்டை எடுப்பாய். "இது நடுவரே குடுத்த அறிக்கை, நான் சொல்றதில்ல, அச்சுல வந்தது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இரண்டு கஜ தூரத்தில் நின்றேன். பந்தில் எவர் விரலும் படவில்லை. கடவுள் சாட்சி" என்று வாசிப்பாய். கடவுளையே சாட்சிக்கு இழுத்த பிறகு யார் பேசுவது? தோற்றவன்தான் ஜெயித்த கல்லூரியின் கோஷத்தையும் சேர்த்துச் சாப்பாட்டு ஜெபம் சொல்ல வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். முப்பத்திரண்டு வருடமாக நான்தான் தலை குனிந்து, இந்த உணவுக்காக நன்றி ஆண்டவரே, கொத்து மரங்கொத்தி, ஆமென் என்று சொல்லியிருக்கிறேன். போதகர் விருந்துக்கு வந்த வருடம் அவர் தன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அந்தத் துண்டை ஒருமுறை கூட நான் கொடு என்று கேட்டதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாயோ என்ற பயம்தான். கொடுத்தால் நான் என்ன செய்வது? ஆகவே, "தெளிவாத்தான் போட்டிருக்கான்" என்று தலையாட்டிக்கொண்டு கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஆர்லிஸின் முடிதிருத்தகத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ முகத்தில் சூடான துண்டோடு படுத்திருந்தாய். அதற்கு முன்னால் ஆர்லிஸ் சும்மா இருக்காமல், "அந்த நடுவருக்கு அப்புறம் மரங்கொத்தி ஊர்ல வீடு கட்டிக் குடுத்தாங்களாமே" என்று கிளறினான். நீ நாற்காலியில் நிமிர்ந்தாய்.

"எவன்டா சொன்னது? எங்கிட்ட எழுத்துல இருக்கு."

"எழுத்துல இருக்கறத எத்தன தடவ காட்டுவ? தேஞ்சு போயிருக்கும்."

"உண்மை தேயாது ஆர்லிஸ். மச்சானக் கேளு. வருஷா வருஷம் கேட்டு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு."

நீ போர்வைக்கு அடியிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து வழக்கம்போல வாசித்து, சுவர்க்கண்ணாடி முன்னால் வைத்தாய். ஆர்லிஸ் உன் நாற்காலியைச் சாய்த்தான். நான் அதைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன், இரண்டு முறை கூட்டினேன். அதில் போட்டிருந்தது இதுதான்: "முட்டையிடும் கோழிகளுக்குச் சத்தான தீவனம். சனிக்கிழமை வரை மட்டும். உங்கள் கோழிகள் உங்களுக்கு நன்றி சொல்லும்." பின்பக்கம் தேவாலயத்து மீன் விருந்து அறிவிப்பு, அதுவும் பாதி.

அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் எட்டு மாத எழுத்தை நம்பி ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். புதன்கிழமை திருமதி கோல்டி பழைய பத்திரிகைகளைக் காட்டும் இயந்திரத்தின் முன் என்னை உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. கண்டுபிடித்தேன். நடுவர் உண்மையில் சொன்னது: "நான் ஓடுபவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தில் கை பட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது." நானே வாசித்தேன் ராய்ஸ், யாரும் உதவவில்லை. முற்றுப்புள்ளி வரைக்கும் போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து வந்தேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று எப்படியோ கண்டுபிடித்து, கோழித்தீவனத்தைக் கடவுள் சாட்சி என்று என் தலையில் கட்டியிருக்கிறாய். முப்பத்திரண்டு வருடம் ஒரு குடும்பமே கோழித்தீவனத்துக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவருக்காவது ஆறு வினாடிதான் கிடைத்தது. நீ நிதானமாக, கண்ணாடி மாட்டிக்கொண்டு திருடியிருக்கிறாய்.

ஆகவே இதனுடன் அந்தப் பத்திரிகைப் பக்கத்தின் நகலை வைத்திருக்கிறேன். இந்த நன்றி நாளில் வான்கோழி வந்ததும் நீ எழுந்து, எல்லார் முன்னாலும் இதைச் சத்தமாக, ஒரு சொல் விடாமல் வாசிக்க வேண்டும். வாசித்தால் உனக்கு என் மேசையில் இடம் உண்டு. இல்லையென்றால் இல்லை.

உன் முழங்கால் வலி குறையட்டும். உன் கோழிகள் நன்றாக முட்டையிடட்டும், அவற்றின் தீவன விளம்பரம்தான் உன் பர்ஸிலேயே இருக்கிறதே. ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்,
ஆம்ப்ரோஸ் டில்மன்
(இந்தக் கையொப்பம் நானே போட்டது)

பி.கு.: கடிதத்தை முடித்து லூடிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். திட்டும் இடங்களில் குரலை ஏற்றினேன். அவள் சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:

"எல்லாம் சரி. இத அவனுக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

"ஏன், அவனுக்குக் கண்ணு போயிடுச்சா?"

"அவனுக்கு எப்பங்க படிக்கத் தெரிஞ்சுது? எட்டு வயசுல பருத்திக் காட்டுக்குப் போனவன். அவன் பொண்டாட்டி வெர்டா உயிரோட இருந்த வரைக்கும் அவதான் எல்லாத்தையும் படிச்சுச் சொன்னா. அந்த ஆட்டம் முடிஞ்சப்ப ஊரே திருட்டு ஜெயிப்புன்னு சிரிச்சுது, இவன் ரெண்டு நாளா சாப்பிடல. பேப்பர்ல இருந்தத இருந்தபடி படிச்சா இன்னும் ஒடஞ்சு போவான்னு மாத்திப் படிச்சேன்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. அத அவன் மனசுல ஏத்திக்கிட்டான். அந்தப் பேப்பர் துண்டு சட்டையோட துவைக்கறதுல போயிடுச்சு. அதே அளவுக்கு வேற எதையோ வெட்டி வெச்சுக்கிட்டான்."

"இத்தன வருஷம் எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்களுக்குப் படிக்க வராதுன்னு அவன்கிட்ட சொன்னேனா?"



இந்தக் கடிதம் தபாலில் போகாது, ராய்ஸ். நகலை அடுப்பில் போட்டாயிற்று. வெர்டா வாசித்தது அப்படியே இருக்கட்டும். ஆனால் பந்தில் விரல் பட்டது, அதில் மாற்றமில்லை. வகுப்பில் என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதை உன்னிடம் வாயால் சொல்ல எனக்கு வராது, சொன்னால் நீயும் சண்டைக்கு வருவாய். ஆகவே அடுத்த வாரம் இன்னொன்று எழுதி நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: உன் பெயர், பெரிய எழுத்தில். முதல் நாள் திருமதி கோல்டி எனக்கும் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்.