வளைகாப்புக்கு உருளைக்கிழங்கு

லால்குடி,
மாசி 5

அன்புள்ள மைத்துனர் ஜெயக்குமாருக்கு வீரமலை எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா வள்ளிக்கண்ணுவும் இரண்டு மாடுகளும் சுகம். ஊட்டிக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்கச் சமயபுரத்தாள் துணை. சுகமில்லாதது நீங்கள் அனுப்பிய விதையில் விளைந்த உருளைக்கிழங்கு மட்டும்தான். போனில் சொன்னால் சிரித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

மகள் கலைமதி வளைகாப்புக்கு உருளைக்கிழங்கு எங்கள் கொல்லையிலிருந்துதான் என்று அவள் மாமனாரிடம் மீசையை முறுக்கிச் சொல்லிவிட்டேன். அந்த வாய்ச்சொல்லுக்காகவே செடியைக் கண்ணாகப் பார்த்தேன். நெற்பயிர் பச்சை கட்டினால்தானே நமக்குச் சோறு இறங்கும்? அதே கண்ணால் உருளையையும் பார்த்து, இலை லேசாக வெளுத்ததும் யூரியா போட்டேன். பச்சை கட்டியது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தரம் போட்டேன். உரக்கடை அற்புதசாமி, "போதுங்க, இலையையா பொரியல் பண்ணப் போறீங்க?" என்றார். வியாபாரம் வேண்டாமென்கிற கடைக்காரரை எப்படி நம்புவது? பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டேன். செடி இடுப்பளவு வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நான் தினமும் வெள்ளை வேட்டி கட்டி வரப்பில் நின்றேன். நேற்று தோண்டினால், பெரியது நெல்லிக்காய், சின்னது கோலிக்குண்டு. போட்ட யூரியா எல்லாம் இலைக்கே போயிருக்கிறது, கிழங்குக்கு இறங்கவில்லை. உங்க அக்கா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, அப்புறம் மாட்டுக்கு வைக்கட்டுமான்னு கேட்டா.

மச்சான், என் மானம் உங்கள் கையில். ஒரு மூட்டை பெரிய கிழங்கு திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். மண்ணைக் கழுவி அனுப்புங்கள்; நம்ம கொல்லை மண்ணைக் கிழங்கின் மேல் நானே பூசிவிடுகிறேன். இனி என் கை யூரியா மூட்டையைத் தொடாது, இது சமயபுரத்தாள் மேல் ஆணை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
வீரமலை

பின்குறிப்பு: கிழங்கு மூட்டை வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வரவில்லை. விருந்து பற்றிப் பேச ஸ்ரீரங்கத்துச் சமையல்காரர் சாரங்கபாணி வந்தார். நான் ஒளித்து வைத்த கூடையை உங்கள் அக்கா அவரிடமே காட்டிவிட்டாள். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து, "இதைத்தானே ஊரெல்லாம் தேடிண்டிருக்கேன். முழுசா வதக்கிடலாம், நறுக்க ஆளே வேண்டாம்" என்றார். கையோடு சம்பந்திக்கும் போன் போட்டு, இந்த மாதிரி கிழங்கு லேசில் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். மீசையை மறுபடி முறுக்கியாயிற்று. அவர் அடுத்த வருடம் சமைக்கப்போகும் கல்யாணங்களுக்கும் நான்தான் தரவேண்டுமாம். ஆகவே கார்த்திகைக்கு இரட்டிப்பு விதை அனுப்புங்கள். யூரியா ஒரு மூட்டை கூடுதலாகப் போடப் போகிறேன். ஆணை விஷயத்தை அம்மனிடம் நானே பேசிக்கொள்கிறேன். கிழங்கு பெருத்துத் தொலைத்தால் மானம் போய்விடும்.